தேயிலைக்கு மருந்து அடிக்கும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள்

பனிக்காலம் முடிந்து வெயில் ஏறத் தொடங்கியதும் நீலகிரியிலும் வால்பாறையிலும் சாலையோரத் தேயிலைச் செடிகள்தான் முதலில் நிறம் மாறும். முதிர்ந்த இலையின் மேல்புறத்தில், நடு நரம்பை ஒட்டிச் செம்பு நிறம் படரும். கவனிக்காமல் விட்டால் செடி முழுவதும் துரு ஏறியது போல் ஆகிவிடும். இது சிவப்புச் சிலந்தியின் வேலை. கண்ணுக்கு வெறும் புள்ளியாகத் தெரியும் இந்த எட்டுக்கால் உயிரி, வெயில் காலத்தில் சுமார் 2 வாரத்தில் ஒரு தலைமுறையை முடித்துவிடும். தூசி படியும் இடமும் நிழல் இல்லாத இடமும் இதற்கு மிகவும் ஏற்றவை.

செம்பு நிறத்தைப் பார்த்ததும் தெளிப்பானைத் தோளில் மாட்டுவதுதான் பலரின் வழக்கம். அதற்கு முன் பாதித்த செடிகளில் இருந்து 10, 20 இலைகளைப் பறித்து, ஒரு லென்ஸ் வைத்து இரு புறமும் பார்ப்பது நல்லது. சிலந்திகளுக்கு நடுவே கடுகளவு கறுப்பு வண்டு ஒன்று நடமாடினால், அது ஸ்டெத்தோரஸ் என்னும் பொறிவண்டு. நாம் வழக்கமாகப் பார்க்கும் புள்ளி போட்ட பொறிவண்டின் உறவுதான், உருவம் மட்டும் மிகச் சிறியது. முட்டை, குஞ்சு, வளர்ந்த சிலந்தி என எதையும் இது விட்டு வைக்காது. இதன் புழுவும் அதே இரையைத்தான் தின்னும். கருஞ்சாம்பல் நிறத்தில், முடி முடியாக இருக்கும் அந்தப் புழுவைத் தீமை செய்யும் புழு என்று நினைத்து நசுக்கிவிடுகிறார்கள். கொழுந்து பறிக்க வருபவர்களுக்கு இதை ஒருமுறை காட்டிக் கொடுத்தாலே போதும்.

இலையின் அடிப்புறத்தில் வேறு கூட்டம் இருக்கும். வெளிறிய நிறத்தில், பளபளவென்று, தொட்டதும் வேகமாக ஓடுபவை இரை தின்னும் சிலந்திகள். செடியைத் தின்னும் சிலந்தி மெதுவாக நகரும். அதைத் தின்னும் சிலந்திதான் ஓடும். வயலில் அடையாளம் காண இந்த ஒரு வித்தியாசத்தை நினைவில் வைத்தால் போதும். மெல்லிய காம்பின் நுனியில் நிற்கும் முட்டைகள் கண்ணாடி இறக்கைப் பூச்சியுடையவை. தேயிலையில் காணப்படும் மல்லாடா வகையின் புழு, தின்ற இரையின் தோலையும் குப்பையையும் முதுகில் சுமந்து திரியும். குப்பை நகர்கிறதே என்று தட்டிவிட வேண்டாம்.

தேயிலைக் கொசுவின் கதை வேறு. பெயர்தான் கொசு, உண்மையில் சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி. இளங்கொழுந்தில் குத்திய இடமெல்லாம் பழுப்புப் புள்ளி விழுந்து, கொழுந்து சுருண்டு கருகும். சிவப்புச் சிலந்தி முதிர்ந்த இலையைத் தாக்குகிறது என்றால், இது விற்பனைக்குப் போகும் கொழுந்திலேயே கை வைக்கிறது. தண்டின் திசுவுக்குள் முட்டையைச் செருகிவிடுவதால் பொறிவண்டு அதைத் தொட முடியாது. முட்டையில் இருந்து வெளியே நீட்டி நிற்கும் இரண்டு முடிகள் மட்டுமே தெரியும். அந்த முட்டையையும் தேடிப் பிடித்து அதற்குள் தன் முட்டையை இடும் எரித்மெலஸ் என்ற நுண்ணிய குளவி தென்னிந்தியத் தேயிலைத் தோட்டங்களில் இருக்கிறது. வெறும் கண்ணுக்கு அது தெரியாது. தெரியாததாலேயே அது சாவதும் நமக்குத் தெரிவதில்லை. வளர்ந்த கொசுவையும் குஞ்சுகளையும் வலைச் சிலந்திகளும் கும்பிடுபூச்சியும் கொல்லி நாவாய்ப்பூச்சிகளும் பிடிக்கும். ஆனாலும் இந்தப் பூச்சிக்கு இயற்கை எதிரிகளை மட்டும் நம்பியிருக்க முடியாது. கொழுந்து பறிக்கும் இடைவெளியைக் குறைத்தால் முட்டையுள்ள தண்டுகள் கொழுந்தோடு வெளியேறிவிடும். இதற்குச் செலவும் குறைவு.

எதிரிகளை அழித்தால் என்ன ஆகும் என்பதை இலங்கை மலையகம் அனுபவித்துப் பார்த்திருக்கிறது. அங்கே இலைகளை நூலால் ஒட்டிச் சுருட்டித் தின்னும் புழு பெரும் தொல்லையாக இருந்தது. 1935-36ல் ஜாவாவில் இருந்து மேக்ரோசென்ட்ரஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டு வந்து விட்டார்கள். புழுவுக்குள் முட்டையிடும் அந்தக் குளவி பரவி நிலைத்ததும் தொல்லை அடங்கியது. பிறகு தண்டு துளைக்கும் வண்டை ஒழிக்க டீல்ட்ரின் தெளித்தார்கள். மருந்து குளவியைக் கொன்றது. இலை சுருட்டிப் புழு மீண்டும் தலைதூக்கியது. ஒரு பூச்சிக்கு அடித்த மருந்து, அடங்கிக் கிடந்த இன்னொரு பூச்சியை எழுப்பிவிட்டது.

நம் தோட்டங்களிலும் இதே கணக்குதான். தேயிலைக் கொசுவுக்காக செயற்கை பைரித்ராய்டு வகை மருந்துகளைத் திரும்பத் திரும்ப அடித்த இடத்தில், அடுத்து சிவப்புச் சிலந்தி பெருகுவதைப் பார்க்கலாம். பொறிவண்டும் இரை தின்னும் சிலந்தியும் செத்த பிறகு அதைத் தடுக்க யாரும் இல்லை. பிறகு சிலந்திக்குத் தனி மருந்து, தனிச் செலவு. எச்சம் அனுமதித்த அளவை மீறினால் பசுந்தேயிலையைத் தொழிற்சாலை திருப்பி அனுப்பும். கால் ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருப்பவருக்கு ஒரு நாள் கொழுந்து திரும்பி வந்தாலே பெரிய அடி.

அதனால் தோட்டம் முழுவதும் ஒரே நாளில் அடிக்காமல், பாதித்த செடிகளுக்குக் கயிறு கட்டியோ குச்சி நட்டோ அடையாளம் வைத்து அங்கே மட்டும் தெளிக்கலாம். தேயிலைக்குப் பரிந்துரைத்த மருந்தை மட்டும் வாங்கி, பறிப்புக்கு முன் விட வேண்டிய நாட்களைக் கட்டாயம் விட வேண்டும். சிலந்தி குறைவாகவும் பொறிவண்டு கூடுதலாகவும் தெரிந்தால் ஒரு வாரம் பொறுத்து மறுபடி எண்ணிப் பார்க்கலாம். இலை நிறைய சிலந்தி, எதிரி ஒன்றுகூட இல்லை என்றால் காத்திருப்பதில் பயனில்லை. சில்வர் ஓக் போன்ற நிழல் மரங்களை மொட்டையடிக்காமல் விடுவதும், சாலையோர வரிசையில் தூசி படியாமல் பார்ப்பதும் சிலந்திக்கு எதிரான வேலைகளே. வரப்பில் பூக்கும் செடிகள் குளவிகளுக்குத் தேன் தரும் என்பது உண்மை. அதற்காக எல்லாக் களையையும் விட்டுவிட முடியாது. கொய்யாவிலும் சில களைச் செடிகளிலும் தேயிலைக் கொசு தங்கிப் பெருகும் என்பதால், தோட்டத்தின் நடுவே கொய்யா நிற்பவர்கள் அதன் துளிர்களையும் அவ்வப்போது பார்த்து வர வேண்டும்.

பூச்சியை அடையாளம் காண்பதில் சந்தேகம் இருந்தால், பாதித்த கிளையைப் பூச்சியோடு ஒரு பையில் போட்டுக் குன்னூரில் உள்ள உபாசி வேளாண் அறிவியல் நிலையத்திலோ வால்பாறையில் உள்ள உபாசி தேயிலை ஆராய்ச்சி நிலையத்திலோ காட்டிக் கேட்கலாம்.