பாராடாங் முதல் நாங்குநேரி வரை: பள்ளிப் பிள்ளைகளைப் பிரிப்பது யார், சேர்ப்பது யார்?

புதுதில்லி: அந்தமான் தலைநகரான ஸ்ரீவிஜயபுரத்திலிருந்து (2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர்) வடக்கே சாலை வழியாகச் சுமார் நூறு கிலோமீட்டர். ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டை ஊடுருவிச் செல்லும் நெடுஞ்சாலையில் வாகனங்கள் அணிவகுத்துச் சென்று, மிடில் ஸ்ட்ரெயிட் துறையில் படகேறி எதிர்க்கரையில் இறங்கினால் பாராடாங் தீவு. சுண்ணாம்புக்கல் குகையையும் சேற்று எரிமலையையும் காண வருவோர் அன்றே திரும்பி விடுகின்றனர். அங்கேயே பிறந்து, அங்கேயே படிக்கும் பிள்ளைகளைப் பற்றித் தலைநகரில் பேசப்படுவது அரிது.

ஆனால், பல பிரிவுகளாக நிற்கும் மாணவர்களை ஒரே பள்ளியில் எப்படி ஒன்றுபடுத்துவது என்ற கேள்விக்கு விடை தேடுவோர், அந்தத் தீவிலிருந்து தொடங்கினால் ஓர் உண்மை விளங்கும். பிள்ளைகளைப் பிரித்து வைக்கும் கோடுகளில் பெரும்பாலானவை வகுப்பறையில் போடப்பட்டவை அல்ல, பெரியவர்கள் போட்டவை.

பட்டியலில் பிரிந்தவர்கள்

அந்தமான் நிகோபாரை 'மினி இந்தியா' என்று ஆட்சியாளர்கள் பெருமையுடன் அழைப்பது வழக்கம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் 3,80,581 பேர். அவர்களில் 28 சதவீதத்தினருக்குச் சற்று அதிகமானோர் வங்காளம் பேசுபவர்கள். இந்தி பேசுவோர் சுமார் 19 சதவீதம், தமிழர் சுமார் 15 சதவீதம், தெலுங்கர் சுமார் 13 சதவீதம். அரசுப் பள்ளிகளில் இந்தி, ஆங்கிலம், வங்காளம், தமிழ், தெலுங்கு எனப் பல பயிற்றுமொழிகள் இடம்பெற்று வந்துள்ளன. மைதானத்திலும் கடைத்தெருவிலும் இந்தியே பொதுமொழியாகி விட்டது.

மொழியைவிட ஆழமாகப் பிரிப்பது சான்றிதழ். பாராடாங்கில் கணிசமாக வாழ்பவர்கள் 'ராஞ்சிக்காரர்' என்று அழைக்கப்படும் மக்கள். ஆங்கிலேயர் ஆட்சியில், 1918 முதல் சோட்டா நாக்பூர் பீடபூமியிலிருந்து காடு வெட்டவும் சாலை போடவும் கொண்டுவரப்பட்ட ஓராவோன், முண்டா, காரியா இனத்தவரின் வழித்தோன்றல்கள் இவர்கள். ஜார்க்கண்டில் இருக்கும் இவர்களது உறவினர்கள் பழங்குடியினர் பட்டியலில் உள்ளனர். தீவில் இவர்களுக்கு அந்தத் தகுதி இல்லை. அந்தமானியர், ஜாரவா, ஓங்கே, சென்டினலியர், ஷோம்பென், நிகோபாரியர் ஆகிய ஆறு இனத்தவரே அங்கு பட்டியல் பழங்குடியினர்.

பிற்பட்ட வகுப்பினர் பட்டியல் அங்கு அறிவிக்கப்பட்டபோது, 1942ஆம் ஆண்டுக்கு முன் குடியேறியவர்கள், தேசப் பிரிவினைக்குப் பின் வந்த வங்காளிகள், மாப்பிள்ளைமார், காரென், பாந்து ஆகிய பிரிவினர் இடம்பெற்றனர். ராஞ்சியினர் இடம்பெறவில்லை. பட்டியல் சாதியினருக்கோ அந்தமானில் பட்டியலே கிடையாது. தமிழகத்திலிருந்து சென்று குடியேறிய தாழ்த்தப்பட்ட குடும்பத்தின் பிள்ளை, அந்தத் தீவின் நிர்வாகத்தில் தாழ்த்தப்பட்டவர் என்ற சலுகையைக் கோர முடியாது. இடம்பெயர்ந்தவருடன் இந்தத் தகுதி இடம்பெயராது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது.

ஆகவே, ஒரே பெஞ்சில் அமர்ந்து ஒரே பாடத்தைப் படித்த இரண்டு பிள்ளைகள், கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பும் நாளில் வெவ்வேறு வரிசையில் நிற்கின்றனர். அவர்களில் ஒருவர், தன் பாட்டனார் காடு வெட்டிய மண்ணில் தனக்கு மட்டும் ஏன் வரிசை இல்லை என்று கேட்டால், 'நாமெல்லாம் ஒன்று' என்ற பாடம் அதற்கு விடையாகாது.

மணிக்கட்டில் வந்த சாதி

அந்தமானில் சான்றிதழில் இருக்கும் பிரிவு, தமிழகத்தின் தென்மாவட்டங்களில் மாணவர்களின் மணிக்கட்டில் வந்து நிற்கிறது. சாதிக்கு ஒரு நிறத்தில் கயிறு கட்டிக்கொள்ளும் வழக்கம் குறித்து 2018ஆம் ஆண்டுத் தொகுதி ஐ.ஏ.எஸ். பயிற்சி அதிகாரிகள் சுட்டிக்காட்டினர். அதன் அடிப்படையில் 2019இல் பள்ளிக் கல்வித்துறை சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்பு எழுந்ததும், அன்றைய அரசு அதிலிருந்து பின்வாங்கியது.

அதன் விலை பின்னர் தெரிந்தது. 2022 ஏப்ரலில் அம்பாசமுத்திரம் அருகே பள்ளக்கால் பொதுக்குடி அரசுப் பள்ளியில், கயிறு தொடர்பான தகராறில் தாக்கப்பட்ட 12ஆம் வகுப்பு மாணவர் உயிரிழந்தார். 2023 ஆகஸ்ட் 9ஆம் தேதி இரவு, நாங்குநேரியில் 12ஆம் வகுப்பு தலித் மாணவர் ஒருவரும், தடுக்க முயன்ற அவரது தங்கையும் வீடு புகுந்து அரிவாளால் வெட்டப்பட்டனர். வெட்டியவர்கள் அவருடன் படித்த மாணவர்கள். தன்னைத் துன்புறுத்துவதாக அவர் பள்ளியில் புகார் கூறியதே காரணம் என்பது நாட்டையே அதிரவைத்தது. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் அருகே தேர்வெழுதப் பேருந்தில் சென்ற 11ஆம் வகுப்பு மாணவர் வெட்டப்பட்டு, கை விரல்களை இழக்க நேரிட்டது. கபடிப் போட்டியில் பெற்ற வெற்றியே பகைக்குக் காரணம் என்று அப்போது கூறப்பட்டது.

மொழி ஒன்று, ஊர் ஒன்று, பள்ளிச் சீருடை ஒன்று. இவையெல்லாம் ஒன்றாக இருந்தும் பிள்ளைகள் ஒன்றாகவில்லை.

சந்துரு குழு சொன்னது

நாங்குநேரி சம்பவத்தைத் தொடர்ந்து, உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவைத் தமிழக அரசு அமைத்தது. 2024 ஜூன் 18ஆம் தேதி அறிக்கை முதல்வரிடம் அளிக்கப்பட்டது.

கைக்கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றுக்குத் தடை என்ற பரிந்துரையே உடனே விவாதப் பொருளானது. நெற்றித் திலகத்தைச் சாதி அடையாளமாகக் கருதுவதா என்று பாரதிய ஜனதா கட்சி கடும் எதிர்ப்பு தெரிவித்தது. தொலைக்காட்சி விவாதங்கள் நெற்றியிலேயே நின்றுவிட்டதால், அறிக்கையின் மற்ற பகுதிகள் வாசகர்களைச் சென்றடையவில்லை.

உண்மையில், அந்த அறிக்கையின் பெரும்பகுதி மாணவர்களைப் பற்றியது அன்று, பெரியவர்களைப் பற்றியது. பள்ளிப் பெயர்களிலுள்ள சாதிச் சொற்களை நீக்க வேண்டும். கள்ளர் சீரமைப்பு, ஆதிதிராவிடர் நலம் எனத் தனித்தனித் துறைகளின்கீழ் உள்ள பள்ளிகளைப் பள்ளிக் கல்வித்துறையின்கீழ் கொண்டுவர வேண்டும். ஒரு பகுதியில் பெரும்பான்மையாக உள்ள சாதியைச் சேர்ந்தவரை அப்பகுதியில் கல்வி அதிகாரியாகவோ தலைமை ஆசிரியராகவோ நியமிக்கக் கூடாது. ஆசிரியர்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை இடமாற்ற வேண்டும். அகர வரிசைப்படி மாணவர்களை அமரவைக்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது. உதவித்தொகை அறிவிப்பைச் சாதிப் பெயர் சொல்லி வகுப்பறையில் வாசிக்கக் கூடாது. பெரிய பள்ளிகளில் மாணவர் நல அலுவலர் வேண்டும் - இவை அந்த அறிக்கையின் முக்கியப் பரிந்துரைகள்.

கடைசியில் சொன்ன சிறிய விஷயத்தைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். 'எஸ்.சி. பிள்ளைகள் எழுந்து நில்லுங்கள், உதவித்தொகைப் படிவம் வந்திருக்கிறது' என்று ஓர் ஆசிரியர் தீய எண்ணம் ஏதுமின்றிச் சொல்லலாம். அன்று வரை யார் எந்தச் சாதி என்று அறியாத ஐம்பது பிள்ளைகளும் அந்த ஒரு நொடியில் அறிந்து கொள்கின்றனர். கயிற்றைப் பிள்ளைகள் பின்னரே கட்டுகின்றனர்.

2025 ஜூனில் பள்ளிக் கல்வித்துறை, இந்தப் பரிந்துரைகளில் சிலவற்றை ஒட்டி வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. சுற்றறிக்கையாக இருப்பவை எவ்வளவு காலம் நிலைக்கும் என்பதற்கு 2019ஆம் ஆண்டு அனுபவமே எச்சரிக்கை.

நூறாண்டுக்கு முந்தைய பந்தி

இந்தப் பிரச்சினையை நெல்லைச் சீமை முதன்முறையாகச் சந்திக்கவில்லை. நாங்குநேரி இருக்கும் அதே மாவட்டத்தின் சேரன்மாதேவியில்தான், விடுதலைப் போராட்ட வீரர் வ.வே.சு. ஐயரின் தமிழ்க் குருகுலம் இயங்கியது. தேசத் தொண்டுக்கு இளைஞர்களைத் தயாரிக்கத் தொடங்கப்பட்ட அந்தக் குருகுலத்துக்குத் தமிழ்நாடு காங்கிரஸும் நிதி அளித்தது. அங்கு பிராமண மாணவர் இருவருக்குத் தனியே உணவு பரிமாறப்பட்டது 1924-25இல் பெரும் சர்ச்சையானது.

ஐயர் சாதி வெறியர் அல்லர். பெற்றோரின் வற்புறுத்தலுக்கு இணங்கியதே அவர் செய்த பிழை. டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் பெரியார் ஈ.வெ.ராமசாமியும் அதை எதிர்த்தனர். பொதுப்பணத்தில் நடக்கும் இடத்தில் பந்தி ஒன்றே இருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். விவகாரம் காந்தியடிகள் வரை சென்றது. ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்ற முயன்று உயிர் நீத்தார். அதே ஆண்டு இறுதியில் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். வகுப்புவாரிப் பிரதிநிதித்துவக் கோரிக்கை அதன் உடனடிக் காரணம் என்றாலும், குருகுலக் கசப்பும் அதன் பின்னணியில் இருந்தது.

அன்று எழுந்த கோரிக்கை, 'மாணவர்களே, ஒற்றுமையாக இருங்கள்' என்பதன்று. நிர்வாகம் தன் நடைமுறையை மாற்ற வேண்டும் என்பதே.

சேர்ந்து உண்டால் போதுமா?

பந்தி ஒன்றானால் மனமும் ஒன்றாகிவிடுமா என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் 1954இல் உளவியலாளர் முசாஃபர் ஷெரிஃப் நடத்திய ஆய்வு இங்கு கவனிக்கத்தக்கது. பதினொரு வயதையொட்டிய 22 சிறுவர்களை இரு அணிகளாகப் பிரித்துப் போட்டி விளையாட்டுகள் நடத்தியதில் பகை முற்றியது. பின்னர் இரு அணியினரையும் ஒன்றாகச் சாப்பிட வைத்தபோது, அவர்கள் உணவையே ஒருவர்மீது ஒருவர் வீசிக்கொண்டனர். முகாமின் குடிநீர் தடைப்பட்டு, இரு அணியினரும் சேர்ந்தால்தான் சரிசெய்ய முடியும் என்ற நிலை வந்தபோதும், அதுபோன்ற வேறு பொது வேலைகளின்போதுமே பகை தணிந்தது. சிறுவர்களிடையே பகையை மூட்டியதே ஆய்வாளர்கள்தான் என்ற விமர்சனமும் இந்த ஆய்வுக்கு உண்டு. அதுவும் ஒரு பாடமே.

அதே 1954இல் வெளியான தம் நூலில் கார்டன் ஆல்போர்ட், பகைமை குறைய நான்கு நிபந்தனைகளைக் கூறினார்: சம அந்தஸ்து, பொது இலக்கு, கூட்டு உழைப்பு, அதிகாரத்தில் உள்ளவர்களின் வெளிப்படையான ஆதரவு. 1971இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில், கறுப்பின, வெள்ளையின மாணவர்கள் ஒரே பள்ளியில் சேர்க்கப்பட்டு மோதல் எழுந்தபோது, எலியட் அரோன்சன் என்ற உளவியலாளர் பாடத்தைத் துண்டுகளாகப் பிரித்தார். கலப்பாக அமைந்த சிறு குழுவில் ஒவ்வொரு மாணவரிடமும் ஒரு துண்டு மட்டும் தரப்பட்டது. அதைக் கற்று மற்றவர்களுக்கு அவரே சொல்லித்தர வேண்டும். பக்கத்தில் இருப்பவன் பேசுவதைக் கேட்காமல் தேர்வில் மதிப்பெண் பெற முடியாது என்ற நிலையில் கேலி குறைந்தது.

இதற்குப் பெருநிதி தேவையில்லை. ஆய்வுக்கூடக் குழுவையும் விளையாட்டு அணியையும் கலந்து அமைக்கும் ஆசிரியர் போதும். ஆனால், நான்கு நிபந்தனைகளில் சம அந்தஸ்தும் அதிகாரத்தின் ஆதரவும் ஆசிரியர் ஒருவரால் தரக்கூடியவை அல்ல.

சட்டம் நிற்கும் இடம்

இங்கேதான் தில்லியின் பொறுப்பு தொடங்குகிறது. கல்வி 1977 முதல் பொதுப்பட்டியலில் இருக்கிறது. 2009இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், நலிந்த பிரிவுக் குழந்தைகள் பாகுபாட்டுக்கு ஆளாகாமல் பார்த்துக்கொள்ளும் கடமையை அரசுக்கும் உள்ளாட்சி அமைப்புக்கும் விதிக்கிறது. ஆனால், அச்சட்டம் 6 முதல் 14 வயது வரையிலானவர்களுக்கே பொருந்தும். பள்ளக்கால் பொதுக்குடி, நாங்குநேரி, ஸ்ரீவைகுண்டம் ஆகிய மூன்று சம்பவங்களிலும் பாதிக்கப்பட்டவர்கள் 11, 12ஆம் வகுப்பு மாணவர்கள். மோதல் முற்றும் வயதில் சட்டத்தின் கை நின்றுவிடுகிறது.

கல்லூரிகளில் சமத்துவத்தை உறுதிசெய்யப் பல்கலைக்கழக மானியக் குழு 2012இல் விதிமுறைகளை வகுத்தது. மேல்நிலைப் பள்ளிகளுக்கென அதற்கு இணையான தனி மத்தியச் சட்டம் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அது பெரும்பாலும் காயம் பட்ட பிறகே வருகிறது; வரும்போது எதிர்த்தரப்பில் நிற்பவரும் ஒரு சிறுவன்.

பாராடாங் பிள்ளைகளுக்கும் விடை தில்லியில்தான் உள்ளது. அரசமைப்புச் சட்டத்தின் 341, 342ஆவது பிரிவுகளின்கீழ் பட்டியலில் ஓர் இனத்தைச் சேர்க்கவோ நீக்கவோ நாடாளுமன்றத்தால் மட்டுமே இயலும். சட்டப்பேரவை இல்லாத அந்தமானுக்கு மக்களவையில் இருப்பது ஒரே உறுப்பினர். கூட்டத்தொடரின் கூச்சலில் அந்த ஒற்றைக் குரல் எவ்வளவு தூரம் கேட்கும் என்பது அவை நடவடிக்கைகளைக் கவனிப்போர் அறிந்ததே.

பட்டியலைத் திருத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்திடம் இருக்கிறது. பதிவேட்டையும் பள்ளிப் பெயரையும் திருத்தும் அதிகாரம் மாநில அரசிடம் இருக்கிறது. யார் அருகில் யார் அமர்வது என்பதை மாற்றும் அதிகாரம் ஆசிரியரிடம் இருக்கிறது. இம்மூவரும் தத்தம் வேலையை முடித்த பிறகு பிள்ளைகளிடம் ஒற்றுமையைப் பற்றிப் பேசினால், அவர்களும் காது கொடுப்பார்கள்.