மாலைப் பசியும் ஒரு கொய்யாப் பழமும்

மாட்டுங்கா ரயில் நிலையத்துக்கு வெளியே பழக்காரர் "பேரு, பேரு" என்று கூவக் கேட்டிருப்பீர்கள். ஊரிலிருந்து புதிதாக வந்தவர், தம் பெயரைத்தான் கேட்கிறாரோ என்று ஒரு கணம் திகைப்பதுண்டு. மராத்தியில் பேரு என்பது நம் கொய்யாவே. சப்போட்டா இங்கே சிக்கு. சாத்துக்குடி இங்கே மோசம்பி. பெயர்கள் மாறினாலும் பழங்கள் நமக்குப் புதியவை அல்ல. ஆயினும் இந்நகரத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பழம் இன்னும் அன்றாட உணவாகவில்லை. பூசையில் படைக்கிறோம், தாம்பூலத் தட்டில் வைக்கிறோம், உறவினர் எவரேனும் மருத்துவமனையில் படுத்திருந்தால் ஆப்பிளும் மோசம்பியும் வாங்கிச் செல்கிறோம். நோயாளிக்கு நல்லதென்று நாம் நம்பும் பொருளை, நோய் வருமுன் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்க ஏனோ தோன்றுவதில்லை.

பள்ளி விட்டு வந்த பிள்ளைக்கு மாலையில் பசி எடுக்கிறது. தாய் வேலையிலிருந்து திரும்பியிருக்க மாட்டார்; அல்லது குழாயில் தண்ணீர் வரும் நேரமாக இருக்கும். கையில் பத்து ரூபாய் கொடுத்தால், பிள்ளை உப்பும் எண்ணெயும் நிறைந்த வறுவல் பொட்டலத்துடன் திரும்புகிறது. பசி அப்போதைக்கு அடங்கும். இரவில் சோறும் காய்கறியும் இறங்குவதில்லை. இது நாள்தோறும் நடப்பதுதான் கவலைக்குரியது.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தாராவியில் முறுக்குப் பிழிந்து நகரெங்கும் விற்பனைக்கு அனுப்பும் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. அவர்களுடைய அடுப்பை அணைக்கச் சொல்வது நம் நோக்கமன்று. முறுக்கும் சீடையும் பண்டிகைப் பண்டங்கள். அவற்றை அன்றாடப் பண்டங்களாக்கிக் கொண்டது நம் வழக்கமே. எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சினால் அதில் கேடு பயக்கும் பொருள்கள் பெருகுகின்றன. அவை நூற்றுக்கு 25 பங்கைத் தாண்டிய எண்ணெயைப் பொரிக்கப் பயன்படுத்தலாகாது என்னும் விதி 2018 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. வீட்டில் அதை அளந்து பார்க்க இயலாது. எண்ணெய் கறுத்து, நுரைத்து, விரைவில் புகையுமானால் அதற்குமேல் அதில் பொரிக்க வேண்டாம்.

பழத்தின் பயனை அளந்து சொன்னவர்களுள் நம்மவரும் உண்டு. குன்னூரில் 1918-ல் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய சிறு கூடமே, பின்னர் ஐதராபாத்துக்கு மாறித் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. அதன் இயக்குநராக இருந்த டாக்டர் சி. கோபாலன் சேலத்தில் பிறந்தவர். அவரும் உடன் பணியாற்றியோரும் தொகுத்த உணவுச் சத்து அட்டவணைப்படி, 100 கிராம் ஆரஞ்சில் உள்ள வைட்டமின் சி 30 மில்லிகிராம். கொய்யாவிலோ 212 மில்லிகிராம். சோறு, பருப்பு, கீரை ஆகியவற்றிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்க இந்த வைட்டமின் துணை செய்கிறது. உணவுடன் பருகும் தேநீர் அதைத் தடுக்கிறது. எனவே சோகை பிடித்த பெண்களுக்குச் சாப்பாட்டோடு ஒரு கொய்யாவும், ஒரு மணி நேரம் தள்ளிப் பருகும் தேநீரும் நலம் தரும். நாளொன்றுக்கு 100 கிராம் பழம் வேண்டும் என்கிறது அந்நிறுவனம். நடுத்தரக் கொய்யா ஒன்று ஏறக்குறைய அவ்வளவு தேறும்.

ரத்னகிரி மாம்பழத்தின் விலையைக் கேட்டு ஏங்க வேண்டியதில்லை. ஜள்காவ் வாழைப்பழம் ஆண்டு முழுவதும் டஜன் கணக்கில் கிடைக்கிறது. தகாணு, கோல்வட் பக்கத்துச் சிக்கு, குளிர்காலக் கொய்யா, மழை தொடங்கும்போது வரும் நாவல் என்று பருவத்துக்கேற்ற பழம் எப்போதும் உண்டு. மாட்டுங்காக் கடைகளில் நேந்திரமும் கிடைக்கும். ஆவியில் வேகவைத்தால் ஒரு பழமே பிள்ளையின் மாலைப் பசிக்குப் போதும். குளிர்ப்பெட்டி இல்லாத ஓரறை வீட்டினர், வாழையைப் பாதி கனிந்ததாகவும் பாதி செங்காயாகவும் வாங்கினால் வீணாகாது. மழைக்காலத்தில், நறுக்கி உப்பும் மிளகாய்த் தூளும் தூவி விற்பதை விடுத்து, முழுப் பழமாக வாங்கிக் கழுவி நறுக்குங்கள்.

சாறு பிழிந்து கொடுத்தால் என்ன என்று சிலர் கேட்பர். பிழியும்போது நார்ச்சத்தில் பெரும்பகுதி சக்கையோடு போய்விடுகிறது. சர்க்கரை மட்டும் விரைந்து இரத்தத்தில் கலக்கிறது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆதலின் கடித்துத் தின்பதே மேல். நீரிழிவு உள்ளவர்கள் எந்தப் பழம், எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டுக் கொள்க.

பழம் மட்டும் போதாத பசியும் உண்டு. நவராத்திரியில் ஒன்பது நாளும் விதவிதமாகச் சுண்டல் செய்யும் நாம், பத்தாம் நாளே அதை மறந்துவிடுகிறோம். காலையில் ஊறவைத்த கொண்டைக்கடலை மாலையில் அரைமணிக்குள் சுண்டலாகிவிடும். தாய் வீட்டில் இல்லாத நாட்களுக்குப் பொட்டுக்கடலையும் வறுத்த வேர்க்கடலையும் கலந்து, இரண்டு வெல்லக் கட்டியும் சேர்த்து, ஒரு டப்பாவில் அடைத்து வையுங்கள். பிள்ளையின் கைக்கு எட்டும் தட்டில் அது இருக்கட்டும். கழுவிய கொய்யாவும் அதன் பக்கத்திலேயே இருக்கட்டும்.