ராமி நார்: செடியும் சரக்கும்

பெட்ரோமாக்ஸ் மேண்டில் விற்காத மளிகைக் கடை ஒரு காலத்தில் நமது காரைக்கால் வட்டாரத்தில் இல்லை. அந்த வெள்ளைப் பை எதில் நெய்தது என்று கேட்டால் பட்டு என்பார்கள். பட்டு அல்ல. ஆரம்பத்தில் பருத்தி, அதன்பின் ராமி என்ற செடியின் நார், பிறகு ரேயானும் வந்தது. நூலைத் தோரியம் உப்புக் கரைசலில் நனைத்து உலர்த்துவார்கள். முதல் தடவை கொளுத்தும்போது நூல் எரிந்து போகும், தோரியச் சாம்பற்கூடு நிற்கும், அதுதான் ஒளி விடுகிறது. அந்தத் தோரியம் கொண்ட மோனசைட் மணல் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் இருப்பதை 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தார். ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணல்தான் துப்புக் கொடுத்ததாம். சரக்கில் ஒட்டும் தூசியையும் கவனிப்பவன் வியாபாரி!

இந்தச் செடியைப் பற்றி இப்போது எழுதக் காரணம் உண்டு. நெரவிப் பக்கம் சில முகவர்கள் வந்து, "நார்ப்பயிர் நாற்றுத் தருகிறோம், விளைந்ததை நாங்களே எடுத்துக்கொள்கிறோம், குடியானவர்களிடம் முன்பணம் வாங்கித் தாருங்கள், கமிஷன் உண்டு" என்று கடைக்காரர்களிடம் பேசுகிறார்கள். நம்மிடமும் வந்தார்கள். செடி பொய்யல்ல, நிஜமான செடிதான். ஆனால் அது எங்கே விளையும், அதிலிருந்து நார் எப்படி வரும் என்பதை உறுப்பினர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ராமி, அர்ட்டிகேசியே என்னும் குடும்பத்துப் புதர்ச் செடி. ஆள் உயரம் வளரும்; இலையின் அடிப்புறம் வெளுத்திருக்கும். இந்தக் குடும்பத்தில் தொட்டால் சுணைக்கும் செடிகள் பல உண்டு. ராமி சுணைக்காது. நம் வேலியில் படரும் செந்தட்டி சுணைத்தாலும் அது ஆமணக்குக் குடும்பம், வேறு. சுணைக்கும் உறவினன் நீலகிரிச் சோலைகளில் இருக்கிறான். 1816-இல் புதுச்சேரிக்கு வந்து நீலகிரி வரை சென்று செடி திரட்டிய லெஷெனோ என்ற பிரெஞ்சுக்காரர் பெயரை அதற்கு வைத்தார்கள். அவரே கல்கத்தாத் தோட்டத்தில் இன்னொரு காட்டுச் செடியைத் தொட்டு, ஒன்பது நாள் வலியால் துடித்ததை எழுதியிருக்கிறார். நீலகிரிச் செடியை 1860-களில் ஊட்டியில் பயிரிட்டுப் பார்த்தார்கள். நார் நயமாக வந்தும் தொழிலாக நிலைக்கவில்லை. நேபாளத்தில் இதே இனத்தை "அல்லோ" என்று இன்றும் நெய்கிறார்கள்.

ராமிக்கு ஆண்டு முழுதும் பரவலான மழை வேண்டும். வேரில் தண்ணீர் நிற்கக் கூடாது. அஸ்ஸாமில் பார்பேட்டா மாவட்டம் சோர்போகில் இதற்கென மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கத்து மழைக்கு ஆண்டில் நான்கைந்து அறுப்பு கிடைக்கும். கிழங்கு போன்ற அடித்தண்டை வெட்டி நட்டால் பல ஆண்டு தழைக்கும். நமக்கோ ஐப்பசி, கார்த்திகையில் வயல் முழுகிக் கிடக்கும், சித்திரையில் வெடித்துக் கிடக்கும். அரசலாற்றுக் கரை மண்ணில் நெல் நிற்கும், ராமி அழுகும்.

அப்படியே விளைந்தாலும் வேலை அதற்குப் பிறகுதான். சணலைப் போல ஊறவைத்து உரிக்க முடியாது. அறுத்த பச்சைத் தண்டை உடனுக்குடன் இயந்திரத்தில் கொடுத்துப் பட்டையைப் பிரிக்க வேண்டும். நூறு கிலோ தண்டில் மூன்று, நான்கு கிலோ நார் தேறும். அதிலும் கால் பங்குக்கு நெருக்கமாகப் பிசின். காஸ்டிக் சோடாவில் காய்ச்சினால்தான் நூற்க வரும். உரிக்கும் இயந்திரத்துக்காக அன்றைய இந்திய அரசு 5,000 பவுன் பரிசு அறிவித்து 1872-இலும் 1879-இலும் சகாரன்பூரில் போட்டி நடத்தியது. முழுப் பரிசை யாரும் தட்டிச் செல்லவில்லை. இன்று உலகச் சந்தையில் பெரும்பங்கு சீனாவுடையது. நனைந்தால் வலுக் கூடும் அருமையான நார் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வலைக்கு நைலான் வந்துவிட்டது, மேண்டிலுக்கு எல்.இ.டி. விளக்கு வந்துவிட்டது.

ஆகவே முகவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். உரிக்கும் இயந்திரம் எந்த ஊரில் ஓடுகிறது? பிசின் நீக்குவது யார்? கொள்முதல் விலையை முத்திரைத் தாளில் எழுதித் தருவீர்களா? நம்மிடம் வந்தவர் முதல் கேள்விக்கே பையை எடுத்துக்கொண்டார். முன்பண ரசீதில் உங்கள் கடை முத்திரை விழுந்தால், நாளை குடியானவன் வந்து நிற்பது உங்கள் கல்லா முன்னால்தான்.

மேண்டில் இருப்பு இன்னும் வைத்திருப்பவர்கள் அதை அரிசி, பருப்புப் பக்கம் வைக்காமல் தனி டப்பாவில் வையுங்கள். தோரியம் சிறிதளவு கதிர்வீச்சு உடையது. உடைந்த மேண்டில் தூளை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்து எடுக்கவும்.