ஆடுவதும் அவர்களே, எழுதுவதும் அவர்களே!

புது தில்லி: சாம்பியன்ஸ் கோப்பைப் போட்டிக்காக இந்திய கிரிக்கெட் அணி இங்கிலாந்து புறப்படவிருந்த நேரம் அது. 2013-ஆம் ஆண்டு மே 28-ஆம் தேதி மும்பையில் அணித் தலைவர் மகேந்திர சிங் தோனி செய்தியாளர்களைச் சந்தித்தார். அதற்கு 12 நாள்களுக்கு முன்பு, ஐ.பி.எல். ஆட்டங்களில் சூதாட்டத் தரகர்களுக்கு உதவியதாக ராஜஸ்தான் ராயல்ஸ் அணியின் 3 வீரர்களைத் தில்லி காவல் துறை கைது செய்திருந்தது. 4 நாள்களுக்கு முன்பு, கிரிக்கெட் வாரியத் தலைவராக இருந்த என். சீனிவாசனின் மருமகன் குருநாத் மெய்யப்பன் மும்பை காவல் துறையால் கைது செய்யப்பட்டிருந்தார். அவர் தொடர்புடைய சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்கும் தோனியே தலைவர்.

செய்தியாளர்கள் கேட்க விரும்பியது ஒன்றைத்தான். ஆனால் ஐ.பி.எல். குறித்த கேள்விகளுக்கு இடமில்லை என்று வாரியத்தின் ஊடக மேலாளர் குறுக்கிட்டார். மீண்டும் மீண்டும் கேட்கப்பட்டபோது தோனி எதுவும் பேசவில்லை, புன்னகைத்தார். பதிலற்ற அந்தப் புன்னகையே மறுநாள் செய்தியாயிற்று.

அன்றைய சம்பவத்தை ஒரு மேலாளரின் அவசரம் என்று ஒதுக்கிவிட முடியாது. போட்டியை நடத்துபவரே படம் எடுத்து, வர்ணனை செய்து, செய்தியையும் எழுதி வழங்கும் ஏற்பாடு இந்தியக் கிரிக்கெட்டில் படிப்படியாக உருவாகி வந்துள்ளது. அதில் வெளியாரின் கண்ணுக்கும் கேள்விக்கும் இடம் சுருங்கி வருகிறது.

முதல் மோதல்

ஐ.பி.எல். போட்டி தொடங்கிய 2008-ஆம் ஆண்டிலேயே இது வெளிப்பட்டது. முதல் ஆட்டம் ஏப்ரல் 18-ஆம் தேதி பெங்களூரில் நடைபெறவிருந்த நிலையில், செய்தியாளர்களுக்கான நிபந்தனைகள் அறிவிக்கப்பட்டன. பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் மைதானத்தில் எடுக்கும் எல்லாப் படங்களையும் ஐ.பி.எல். இணையதளத்தில் பதிவேற்ற வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. இணையதளங்களில் படங்களை வெளியிடவும் கட்டுப்பாடுகள் இருந்தன. பத்திரிகையின் செலவில் எடுக்கப்படும் படத்துக்குப் போட்டி அமைப்பாளர் உரிமை கோருவதா என்று எதிர்ப்புக் கிளம்பியது. புறக்கணிப்பு அச்சுறுத்தலும் எழுந்தது.

அதன் பிறகே, ஏப்ரல் 15, 16 தேதிகளில் நிபந்தனைகள் தளர்த்தப்பட்டன. இந்தியாவின் முன்னணிப் பத்திரிகைகள் அவற்றை ஏற்றுக்கொண்டன. ஆனால் கிரிக்கெட்டுக்கென்றே நடத்தப்படும் இணையதளங்களுக்குப் படங்களை விற்கக் கூடாது என்ற தடை நீடித்ததால், சர்வதேசச் செய்தி நிறுவனங்கள் பெரும்பாலானவை உடன்பட மறுத்துவிட்டன.

ஆமதாபாதில் காலியான இடங்கள்

நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு மோதல் மேலும் முற்றியது. 2012 நவம்பர் 15-ஆம் தேதி ஆமதாபாதின் மொடேரா மைதானத்தில் இந்தியா - இங்கிலாந்து முதல் டெஸ்ட் தொடங்கியது. கெட்டி இமேஜஸ், ஆக்ஷன் இமேஜஸ் ஆகிய படச் செய்தி நிறுவனங்களுக்கு வாரியம் அனுமதி மறுத்தது. அவற்றுக்கு ஆதரவாக ராய்ட்டர்ஸ், அசோசியேட்டட் பிரஸ், ஏ.எஃப்.பி. ஆகிய மூன்று பெரும் செய்தி நிறுவனங்களும் அந்தத் தொடரின் செய்திகளையும் படங்களையும் நிறுத்தி வைத்தன.

அந்த ஆட்டத்தில் சேதேஷ்வர் புஜாரா ஆட்டமிழக்காமல் 206 ரன்கள் குவித்தார். தோல்வியைத் தவிர்க்க இங்கிலாந்துத் தலைவர் அலாஸ்டைர் குக் 176 ரன்கள் எடுத்துப் போராடினார். ஆனால் பிரிட்டிஷ் பத்திரிகைகள் பலவற்றில் அன்றைய ஆட்டத்தின் செய்திக்கு அருகே பழைய படங்களே இடம்பெற்றன.

ஒளிபரப்பாளர்களும் தப்பவில்லை. மைதானத்தில் வர்ணனைக்கான இடவசதிக்காக ஸ்கை தொலைக்காட்சியிடம் சுமார் 5 லட்சம் பவுண்டும், பி.பி.சி. வானொலியிடம் சுமார் 50 ஆயிரம் பவுண்டும் கூடுதலாகக் கேட்கப்பட்டதாகச் செய்திகள் வெளியாயின. பி.பி.சி. உடன்பாடு கண்டது. ஸ்கை நிறுவனத்தின் வர்ணனையாளர்களோ லண்டனில் அமர்ந்து, திரையைப் பார்த்தே வர்ணனை செய்தனர்.

கால்பந்துக் கழகங்களின் வழி

இத்தகைய கட்டுப்பாடு கிரிக்கெட்டுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் கால்பந்துக் கழகங்கள் இதில் முன்னோடிகள். 2010-ஆம் ஆண்டு சவுத்தாம்ப்டன் கழகம் பத்திரிகைப் புகைப்படக்காரர்களைத் தன் மைதானத்துக்குள் அனுமதிக்க மறுத்து, தன் ஏற்பாட்டில் எடுக்கப்படும் படங்களையே வாங்கிக்கொள்ளச் சொன்னது. எதிரணியான பிளைமவுத்தின் உள்ளூர்ப் பத்திரிகை படங்களை வாங்க மறுத்து, ஓவியரைக் கொண்டு ஆட்டக் காட்சிகளை வரைய வைத்து வெளியிட்டது.

2013-இல் நியூகாசில் யுனைடெட் கழகம் அவ்வூரின் மூன்று பத்திரிகைகளுக்குத் தடை விதித்தது. கழக உரிமையாளருக்கு எதிராக ரசிகர்கள் நடத்திய பேரணியைப் பற்றி அவை எழுதியதே காரணம். 2015-இல் புதிய பயிற்சியாளர் நியமிக்கப்பட்டபோது, கழகம் தேர்ந்தெடுத்த ஒரு தொலைக்காட்சிக்கும் ஒரு பத்திரிகைக்கும் மட்டுமே அவர் பேட்டியளித்தார். தலைமுறை தலைமுறையாக அந்த அணியின் வெற்றி தோல்விகளை எழுதி வந்த ஊர்ப் பத்திரிகைகள் வெளியே நின்றன.

எனினும் இங்கிலாந்தில் ஒரு கழகம் கதவை மூடினால் மற்றக் கழகங்களின் கதவுகள் திறந்திருக்கும். இந்தியாவில் சர்வதேசக் கிரிக்கெட்டை நடத்துவது ஒரே அமைப்பு. அது கதவை மூடினால் தட்டுவதற்கு வேறு கதவு இல்லை.

குரலுக்கும் கடிவாளம்

படத்தோடு இது நிற்கவில்லை. 2012 முதல் உள்நாட்டுத் தொடர்களின் ஒளிபரப்புத் தயாரிப்பை வாரியமே மேற்கொண்டது. வர்ணனையாளர்களைத் தேர்ந்தெடுப்பதும் அதன் கைக்கு வந்தது. 2013-இல் ஆஸ்திரேலிய அணி இந்தியா வந்தபோது வர்ணனை செய்ய அழைக்கப்பட்ட முன்னாள் தலைவர் இயன் சேப்பல் மறுத்துவிட்டார். வீரர்கள் தேர்வு, நிர்வாக விவகாரங்கள், நடுவர் தீர்ப்பு மறு ஆய்வு முறை ஆகியவற்றைப் பற்றிப் பேசக் கூடாது என்று நிபந்தனை விதிக்கப்பட்டதே அதற்குக் காரணம் என்று அவரே வெளிப்படையாக எழுதினார்.

2016-ஆம் ஆண்டு ஐ.பி.எல். தொடங்கும் தறுவாயில் ஹர்ஷா போக்ளே வர்ணனைக் குழுவிலிருந்து விலக்கப்பட்டார். காரணம் தமக்குச் சொல்லப்படவில்லை என்றார் அவர். 2020 மார்ச்சில் சஞ்சய் மஞ்ச்ரேக்கர் நீக்கப்பட்டார். பின்னாளில் இருவரும் வர்ணனைக்குத் திரும்பினர் என்றாலும், எதைச் சொன்னால் இடம் பறிபோகும் என்பது தெரியாத நிலையில் ஒருவர் எந்த அளவுக்கு மனம் திறந்து பேசுவார் என்பது எளிதில் ஊகிக்கக்கூடியதே.

வாரியத்தின் நியாயம்

வாரியத்தின் தரப்பிலும் வாதம் இல்லாமல் இல்லை. போட்டியை நடத்தும் செலவு தன்னுடையது. அதன் உரிமைகளைப் பாதுகாப்பது தன் கடமை என்கிறது அது. படங்களை வணிக நோக்கில் விற்கும் நிறுவனங்களைச் செய்தி நிறுவனங்களாகக் கருத முடியாது என்பதே 2012-இல் அது எடுத்த நிலைப்பாடு. செய்திக்குத் தேவையான படங்களைத் தானே தருவதாகவும் கூறியது.

உரிமைகளின் மதிப்பும் சிறிதன்று. 2023 முதல் 2027 வரையிலான ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமைகள் 2022 ஜூனில் ரூ.48,390 கோடிக்கு விற்கப்பட்டன. இவ்வளவு பெரும் தொகை கொடுத்தவரின் நலனை அமைப்பாளர் காப்பது இயல்பே. ஆனால் ஒளிபரப்பு உரிமை என்பது ஒன்று. செய்தி என்பது வேறொன்று. வாரியத்தின் படக்காரர் எடுக்கும் படத்தில் சதம் அடித்தவர் இருப்பார். பாதி காலியாகக் கிடக்கும் இருக்கைகளும் குடிநீர்க் குழாய் முன் காத்து நிற்கும் ரசிகர்களும் அதில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இல்லாத படத்தை வாசகர் தேடப்போவதும் இல்லை.

வாரியம் காணாததைக் கண்டவர்கள்

இதனால் இழக்கப்படுவது என்ன என்பதற்கு வரலாற்றிலேயே சான்று உள்ளது. 1997-இல் தில்லியிலிருந்து வெளியாகும் 'அவுட்லுக்' வார இதழில் முன்னாள் வீரர் மனோஜ் பிரபாகர் ஒரு குற்றச்சாட்டை வெளியிட்டார். 1994-இல் இலங்கையில் நடந்த போட்டியின்போது மோசமாக ஆடுவதற்கு ரூ.25 லட்சம் தருவதாக சக வீரர் ஒருவர் கூறினார் என்பதே அது. வாரியம், உச்ச நீதிமன்ற முன்னாள் தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட்டைக் கொண்டு விசாரணை நடத்தியது. இந்திய வீரர்களுக்குச் சூதாட்டத்தில் தொடர்பில்லை என்பதே விசாரணையின் முடிவு.

மூன்று ஆண்டுகள் கழிந்தன. 2000 ஏப்ரல் 7-ஆம் தேதி, தென்னாப்பிரிக்க அணித் தலைவர் ஹன்சி குரோனியே சூதாட்டத் தரகருடன் பேசியதாகத் தில்லி காவல் துறை அறிவித்தபோது கிரிக்கெட் உலகம் அதிர்ந்தது. தொடர்ந்து மத்தியப் புலனாய்வுத் துறை விசாரணை நடத்தியது. அந்த ஆண்டு டிசம்பரில் முகமது அசாருதீன், அஜய் சர்மா ஆகியோருக்கு வாழ்நாள் தடையும், குற்றம் சாட்டிய பிரபாகருக்கே 5 ஆண்டுத் தடையும் விதிக்கப்பட்டன. அசாருதீன் மீதான தடை செல்லாது என 2012-இல் ஆந்திர உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது குறிப்பிடத்தக்கது. எப்படியாயினும், கேள்வியை முதலில் எழுப்பியது வாரியத்தின் தயவில் இயங்காத ஒரு பத்திரிகை.

சட்டம் சொல்வது என்ன?

இந்த விஷயத்தில் முரண் ஒன்றும் உண்டு. 1993-இல் ஹீரோ கோப்பைப் போட்டியின் ஒளிபரப்பு தொடர்பாக தூர்தர்ஷனுடன் ஏற்பட்ட தகராறில், கருத்துச் சுதந்திரத்தின் பெயரால் வாதாடியது வங்காளக் கிரிக்கெட் சங்கம். 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த புகழ்பெற்ற தீர்ப்பு அலைவரிசைகளைப் பொதுச்சொத்து என அறிவித்தது. தகவல் பெறும் உரிமை பார்வையாளருடையது. அதில் அரசின் ஏகபோகமும் கூடாது, தனியாரின் ஏகபோகமும் கூடாது என்பது அத்தீர்ப்பின் சாரம். அன்று அரசின் ஏகபோகத்தை எதிர்த்த கிரிக்கெட் அமைப்புகள் இன்று தங்கள் ஏகபோகத்தைக் கட்டிக் காக்கின்றன.

கிரிக்கெட் வாரியம் அரசமைப்பின்படி 'அரசு' ஆகாது என 2005-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2015-இல், அது ஆற்றுவது பொதுப்பணி என்றும் நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டது என்றும் தீர்ப்பளித்தது. வாரியத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கொண்டுவர 2018-இல் சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் மத்தியத் தகவல் ஆணையமும் அவ்வாறே உத்தரவிட்டது. வாரியம் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை பெற்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், அரசின் நிதியுதவி பெறும் அமைப்புகளுக்கே தகவல் உரிமைச் சட்டம் பொருந்தும் என வரையறுத்தது. வாரியம் அரசிடம் நிதி பெறுவதில்லை.

மனு எழுதித் தகவல் கேட்கும் வழி அடைபட்ட நிலையில், எஞ்சியிருப்பது எதிரே நின்று கேள்வி கேட்கும் செய்தியாளர் மட்டுமே. அந்த இடமும் குறைகிறது. 2014 டிசம்பர் 30-ஆம் தேதி மெல்பர்ன் டெஸ்ட் முடிந்ததும் தோனி செய்தியாளர்களைச் சந்தித்துவிட்டுச் சென்றார். அவர் டெஸ்ட் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற செய்தி அதன் பிறகு வாரியத்தின் அறிக்கையாக வந்தது. 2025 மே மாதம் ரோஹித் சர்மாவும் விராட் கோலியும் ஒரு வார இடைவெளிக்குள் இன்ஸ்டாகிராம் வழியாகவே டெஸ்ட் ஆட்டத்துக்கு விடை கொடுத்தனர். வீரர் தம் ரசிகரிடம் நேரடியாகப் பேசுவதில் தவறில்லை. ஆனால் அங்கே மறுகேள்வி கேட்க யாரும் இல்லை.

மும்பையில் அன்று கேட்கவிடாமல் தடுக்கப்பட்ட கேள்விக்கு விடை கிடைக்க 20 மாதங்கள் ஆயின. வீரர்கள் மூவரையும் விசாரணை நீதிமன்றம் 2015 ஜூலையில் விடுவித்தது. ஆனால் பந்தயம் கட்டியது தொடர்பாக குருநாத் மெய்யப்பன் மீதான குற்றச்சாட்டு உறுதியானதாக 2015 ஜனவரி 22-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கூறியது. வாரிய நிர்வாகிகள் ஐ.பி.எல். அணிகளில் வணிக நலன் கொள்ள வழிசெய்த விதியையும் ரத்து செய்தது. ஊடக மேலாளர் இடமில்லை என்று சொன்ன கேள்விக்குத் தில்லியில் நீதிபதிகள் இடம் கொடுத்தனர். எல்லாக் கேள்விகளும் உச்ச நீதிமன்றம் வரை வந்து சேர்வதில்லை.