மிளகு சைஸ் காயம்: கார்ல டச்-அப் பெயிண்ட் போடுறது எப்படி?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக ஆங்காங்கே சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு எடுத்துக்கிட்ட விஷயம் ரொம்பச் சின்னது. எவ்ளோ சின்னதுன்னா, ஒரு மிளகு சைஸ். ஆனா அதால எங்க வீட்ல ஒரு வாரம் யாரும் யார்கூடவும் சரியா பேசல.

போன நவம்பர்ல ஃபிரெண்ட்ஸோட ஈ.சி.ஆர்ல பாண்டிச்சேரி போயிட்டிருந்தேன். வண்டி என்னோடது இல்ல, அப்பாவோடது. அடர் சிவப்புல ஒரு ஹேட்ச்பேக், எட்டு வருஷ வண்டி. ஞாயித்துக்கிழமை காலைல ஈரத்துணியோட அவர் அதைச் சுத்தி வர்றதைப் பார்த்தா, கோயில் பிரகாரம் சுத்துற மாதிரியே இருக்கும். எனக்கு முன்னாடி தார்ப்பாய் சரியா கட்டாத ஒரு ஜல்லி லாரி. நான் ஓவர்டேக் பண்ற அவசரத்துல கிட்டக்க போயிட்டேன். டக், டக்னு ரெண்டு சத்தம். பாண்டில இறங்கிப் பார்த்தா பானட்ல ரெண்டு புள்ளி. ஒண்ணு முன் விளிம்புகிட்ட, உள்ள தகடு பளபளன்னு தெரியுது. இன்னொண்ணு கொஞ்சம் மேல, உள்ள சாம்பல் கலர்.

"மச்சி, இதெல்லாம் ஒரு விஷயமா"ன்னாங்க. நானும் விட்டுட்டேன். அப்பாகிட்ட சொல்லல.

பிப்ரவரில ஒருநாள் அப்பா துடைக்கும்போது நின்னுட்டார். கட்டைவிரலால தடவிப் பார்த்துட்டு, "இது எப்போடா பட்டுச்சு?"ன்னு மட்டும் கேட்டார். சாம்பல் புள்ளி அப்படியே இருந்தது. தகடு தெரிஞ்ச புள்ளி மட்டும் பழுப்பாகி, சுத்தி இருந்த பெயிண்ட் கொப்புளம் மாதிரி லேசா தூக்கியிருந்தது. இந்த வருஷம் அந்த வண்டியை எக்ஸ்சேஞ்ச்ல கொடுக்கப் போறதா இருந்தார். அதை நான் மறந்தே போயிட்டேன்.

ஒரே லாரி, ஒரே நாள், ரெண்டு கல். ஒண்ணு துரு பிடிச்சது, இன்னொண்ணு பிடிக்கல. ஏன்னு தெரிஞ்சுக்க வெட்டுமுகத்துல பார்க்கணும்.

கார் பெயிண்ட்னா ஒரே பூச்சுன்னு நாம நினைச்சுக்குறோம். உண்மைல அது நாலு அடுக்கு. இரும்புத் தகட்டு மேல முதல்ல ஈ-கோட். மொத்த பாடியையும் தொட்டில முக்கி, மின்சாரம் செலுத்தி ஒட்ட வைக்கிறாங்க. துருவைத் தடுக்கிற வேலையில பெரும்பங்கு இதுக்குத்தான். அதுக்கு மேல ப்ரைமர், பெரும்பாலும் சாம்பல் கலர். அடுத்து பேஸ் கோட், நாம ஆசைப்பட்டு வாங்குற கலர் இதுதான். கடைசில கிளியர் கோட், கண்ணாடி மாதிரி நிறமில்லாதது, பளபளப்பு அதோடது. நாலும் சேர்ந்து சுமாரா 100ல இருந்து 150 மைக்ரான். ஒரு தலைமுடியோட தடிமனே 70 மைக்ரான் பக்கம் வரும். அதாவது நம்ம வண்டிக்கும் துருவுக்கும் நடுவுல இருக்கிறது ரெண்டு முடி தடிமன்தான்.

சாம்பல் புள்ளில கல் ப்ரைமரோட நின்னுடுச்சு. இன்னொண்ணுல தகடு வரைக்கும் போயிடுச்சு. அதுக்கு மேல மூணு மாசம் மழை, கடற்கரைக் காத்து. திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் இருக்கிறவங்களுக்கு ஜன்னல் கம்பி, கேட் எல்லாம் என்ன ஆகும்னு நான் சொல்லத் தேவையில்ல. உப்பு இருந்தா துரு வேகமா பரவும். அதுவும் புள்ளியோட நிக்காது, பெயிண்ட்டுக்கு அடியில பக்கவாட்டுல ஊர்ந்து போகும். வெளிய கொப்புளமா தெரியும்போது உள்ள அதைவிடப் பெருசா போயிருக்கும். பம்பர்ல பட்டா இந்தப் பயம் இல்ல, அது பிளாஸ்டிக். அசிங்கமா இருக்கும், அவ்ளோதான்.

சரி, நான் என்ன பண்ணேன்? நேரா ஒரு பட்டறைக்குப் போனேன். பேர் வேண்டாம். பார்த்தவுடனே, "பானட் ஃபுல்லா அடிச்சுடலாம் தம்பி, 5,500 ரூபாய், புதுசு மாதிரி ஆயிடும்"னார். தலையாட்டிட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னப்போ அப்பா ஒரே வார்த்தைல "வேணாம்"னுட்டார். அவர் கோபத்துல சொல்றார்னு நினைச்சேன். அப்புறம்தான் அதுல விஷயம் இருக்குன்னு புரிஞ்சது.

ஃபேக்டரில பெயிண்ட் அடிக்கும்போது உள்ள ஒயர், சீட், பிளாஸ்டிக் எதுவும் இருக்காது. வெறும் பாடி. அதனால அடுப்புல வச்சு 140 டிகிரிக்கு மேல கூட சூடேத்தி கெட்டியாக்க முடியும். முழு வண்டி ஆனப்புறம் அந்தச் சூட்டைக் கொடுத்தா உள்ள இருக்கிறதெல்லாம் உருகிடும். அதனால பட்டறைல 60 டிகிரி பக்கத்துல காயுற வேற வகைப் பெயிண்ட் போடுறாங்க. நல்ல கைகாரர் அடிச்சா அதுவும் அருமையா வரும், இல்லன்னு சொல்லல. ஆனா ஒரிஜினல் ஃபேக்டரி பெயிண்ட்டை ஒரு தடவை தேய்ச்சு எடுத்துட்டா, அது திரும்ப வராது.

இன்னொண்ணு. பழைய கார் வாங்குறவங்க கைல ஒரு சின்ன மீட்டர் இருக்கும், பெயிண்ட் தடிமன் பார்க்கிறது. ஒவ்வொரு பேனலா வச்சுப் பார்ப்பாங்க. எல்லா இடமும் 110, 120னு காட்டிட்டு பானட் மட்டும் 250 காட்டினா, அவங்க மனசுல ஓடுறது ஒண்ணுதான்: வண்டி எங்கயோ இடிச்சிருக்கு. கல் பட்டுச்சு சார்னு நாம சத்தியம் பண்ணாலும் நம்ப மாட்டாங்க. மிளகு சைஸ் காயத்தை மறைக்கப் போய், விபத்து வண்டின்னு பேர் வாங்கிட்டு வந்திருப்பேன்.

"இன்சூரன்ஸ் கிளெய்ம் பண்ணலாமே"ன்னு கேட்பீங்க. பண்ணலாம். ஆனா நோ கிளெய்ம் போனஸ்னு ஒண்ணு இருக்கு. கிளெய்ம் இல்லாத முதல் வருஷத்துக்கு 20 சதவீதம்ல ஆரம்பிச்சு, தொடர்ந்து அஞ்சு வருஷம் கிளெய்ம் பண்ணலன்னா ஓன் டேமேஜ் பிரீமியத்துல 50 சதவீதம் வரை தள்ளுபடி. ஒரு புள்ளிக்காக கிளெய்ம் போட்டா சாதாரணமா அது பூஜ்யத்துக்குப் போயிடும். அப்பாவுக்கு 50ல இருந்தது. அந்தப் பேச்சையே எடுக்கல.

ஆக மிச்சம் டச்-அப். முதல்ல கலர் கோடு. சிவப்புன்னு சொல்லி வாங்காதீங்க, ஒரே கம்பெனில நாலு சிவப்பு இருக்கும். கோடு வண்டிலயே எழுதியிருக்கும். டிரைவர் கதவைத் திறந்தா தூண்ல இருக்கிற ஸ்டிக்கர்ல, இல்லன்னா பானட்டுக்குள்ள இருக்கிற தகட்டுல பாருங்க. கிடைக்கலன்னா சேசிஸ் நம்பரைக் கொடுத்து சர்வீஸ் சென்டர்ல கேட்டா எடுத்துக் கொடுப்பாங்க. நான் கலர் பாட்டிலும் கிளியர் பாட்டிலும் ஆன்லைன்ல வாங்கினேன், ரெண்டும் சேர்த்து 600 ரூபாய். ப்ரைமர், 2000 நம்பர் வாட்டர் பேப்பர், துரு கன்வெர்ட்டர் எல்லாம் ஜி.பி. ரோட்ல அலைஞ்சு வாங்கினேன்.

எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு சோதனை இருக்கு. அது கல் காயமா, வெறும் கீறலான்னு பாருங்க. நகத்தால குறுக்கே இழுங்க. நகம் மாட்டலன்னா, இல்ல தண்ணி ஊத்தினா கோடு மறைஞ்சா, அது கிளியர் கோட்லயே நின்னுடுச்சு. அதுக்குப் பெயிண்ட் வேண்டாம், பாலிஷ் போதும். டூத்பேஸ்ட் டிரிக்னு ரீல்ஸ்ல காட்டுறது இந்தக் கேஸ்தான். பேஸ்ட்ல இருக்கிற நுண்ணிய தூள் லேசா தேய்ச்சு விடுது, அவ்ளோதான். தகடு தெரியுற இடத்துல பேஸ்ட் போட்டா ஒண்ணும் நடக்காது.

நேரம், இடம் முக்கியம். மத்தியானம் வெயில்ல நிக்கிற பானட்ல தோசையே வார்க்கலாம். அதுல பெயிண்ட் வச்சா பரவுறதுக்கு முன்னாடியே காஞ்சு திட்டாகிடும். மழைக்கால ஈரத்துலயும் வேண்டாம், வெள்ளை பூத்த மாதிரி மங்கிடும். நான் ஒரு சனிக்கிழமை காலைல, பார்க்கிங் நிழல்ல ஆரம்பிச்சேன்.

வண்டியை ஷாம்பு போட்டுக் கழுவி நல்லா காய விட்டேன். அப்புறம் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால புள்ளியைச் சுத்தித் துடைச்சேன். இதைத் தாண்டாதீங்க. அப்பா மாதிரி ஆளுங்க எட்டு வருஷம் போட்ட மெழுகு அங்க இருக்கும், அதுமேல பெயிண்ட் ஒட்டாது.

அடுத்து துரு. நான் நடுங்கினது இங்கதான். கொப்புளமா தூக்கியிருந்த பெயிண்ட்டை எடுத்தே ஆகணும். நல்லா இருக்கிற பெயிண்ட்டை நம்ம கையாலயே பேர்க்கணும், கூட அப்பா நின்னு பார்க்கிறார். பிளேடு முனையால மெதுவா தூக்கினேன். மிளகா இருந்தது பட்டாணி ஆயிடுச்சு. வாட்டர் பேப்பரைத் தீக்குச்சி முனைல சுத்தி, தகடு வெளுப்பா தெரியுற வரைக்கும் தேய்ச்சேன். குழில போகாம மிச்சம் இருந்த துருவுக்கு கன்வெர்ட்டர் ஒரு சொட்டு. அது துருவோட வினை புரிஞ்சு, அசையாத கருப்புப் படலமா மாத்திடும். எவ்ளோ நேரம் விடணும்னு பாட்டில்ல போட்டிருக்கும், அதன்படி விடுங்க. கிளவுஸ் போட்டுக்கோங்க, பொதுவா அமிலம் கலந்திருக்கும். துருவை மூடி மேல கலர் அடிச்சா பார்க்க நல்லாத்தான் இருக்கும், ஒரு மழைக்காலம் வரைக்கும்.

தகடு தெரிஞ்ச இடத்துல மட்டும் ப்ரைமர், ரொம்ப மெல்லிசா. சாம்பல் புள்ளிக்கு ப்ரைமர் தேவைப்படல, ஏற்கனவே இருக்கே.

இப்போ கலர். பாட்டிலோட வர்ற பிரஷ்ஷைத் தூக்கிப் போடுங்க. அது நெயில் பாலிஷ் பிரஷ் மாதிரி, சின்னப் புள்ளிக்கு ரொம்பப் பெருசு. டூத்பிக் எடுங்க. பாட்டிலை ரெண்டு நிமிஷம் நல்லா குலுக்குங்க. மெட்டாலிக் கலர்னா ரொம்ப முக்கியம், மின்னுற துகள் எல்லாம் அடியில தங்கியிருக்கும். முனைல ஒரு சின்ன சொட்டு எடுத்து குழியோட நடுவுல தொடுங்க. பூசக் கூடாது, தொட்டா போதும், அதுவா விளிம்பு வரைக்கும் ஓடும். அரைமணி, ஒரு மணி நேரம் விட்டு அடுத்த சொட்டு. காயக் காய உள்ள இறங்கும், அதனால ஒரே தடவைல நிரப்பப் பார்க்காதீங்க. எனக்குப் பட்டாணிக்கு நாலு தடவை, மிளகுக்கு ரெண்டு. மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ நிறுத்தணும், ஏன்னா மேல கிளியர் வரணும்.

கலர் காஞ்சதும் மங்கலா, வேற நிறம் மாதிரி இருந்தது. அப்பா முகம் மாறிடுச்சு. பேஸ் கோட் அப்படித்தான் காயும். மறுநாள் கிளியர் வச்சப்புறம்தான் பளபளப்பும் சரியான நிறமும் வந்தது. கிளியரை மட்டத்துக்கு ஒரு மயிரிழை மேல வர்ற மாதிரி வைங்க. பிரஷ்லயோ குச்சிலயோ வைக்கிற சாதா கிளியரே போதும். ஹார்டனர் கலந்த டூ-கே ஸ்ப்ரேவை வீட்ல அடிக்காதீங்க. அதுல ஐசோசயனேட் இருக்கு, நுரையீரலுக்குக் கெடுதல், துணி மாஸ்க் அதைத் தடுக்காது.

ஒரு நேயர் கேட்டிருந்தாங்க, நெயில் பாலிஷ் வைக்கலாமான்னு. நடுவழில தகடு தெரியுது, கைல வேற எதுவும் இல்ல, மழை வருதுன்னா தற்காலிகமா வைங்க, சும்மா விடுறதுக்கு அது பரவாயில்ல. ஆனா மஞ்சளாகும், அப்புறம் சுரண்டி எடுக்கிற வேலையும் உங்களுக்குத்தான்.

அப்புறம் ஒரு வாரம் தொடாம விடணும். நான் பத்து நாள் விட்டேன். மேடா நின்ன கிளியரை மட்டும், சோப்புத் தண்ணி தொட்ட 2000 பேப்பரால நாலஞ்சு இழுப்பு, அப்புறம் ரப்பிங் காம்பவுண்ட். சுத்தி இருக்கிற ஒரிஜினல் கிளியர் 40, 50 மைக்ரான்தான், ஆர்வத்துல தேய்ச்சா ஓட்டை விழுந்துடும். கை பழகலன்னா இந்த வேலையை விட்டுடுங்க. மேடா ஒரு புள்ளி இருந்தா துருவுக்குக் கவலை இல்ல.

முடிவு எப்படி? சாம்பல் புள்ளி இருந்த இடம் எனக்கே தேடினாதான் தெரியும். பட்டாணி தெரியும். ரெண்டடில நின்னு சாய்ச்சுப் பார்த்தா, மெட்டாலிக் துகள் வேற மாதிரி படுத்திருக்கிறதால கொஞ்சம் கருஞ்சிவப்பா. ஃபேக்டரில ஸ்ப்ரேல விழுற மாதிரி குச்சில விழாது. பாட்டில்ல வர்றது அவ்ளோதான்.

ஏப்ரல்ல எக்ஸ்சேஞ்ச் ஆள் வந்தார். மீட்டரை பானட்ல ஆறு இடத்துல வச்சார். பட்டாணிகிட்ட குனிஞ்சு, "டச்-அப்பா சார்?"னு கேட்டார். அப்பா, "ஆமா, பையன் பண்ணது"ன்னார். அந்த ஆள் ஏதோ எழுதிக்கிட்டு அடுத்த பக்கம் போயிட்டார். கடைசில விலையைக் குறைச்சது டயருக்குத்தான்.