முசிறி முதல் சேதுபாவாசத்திரம் வரை: ஒரு மாநில நெடுஞ்சாலையின் வரலாற்றைத் தேடும் முறை

கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் தர்காவுக்கும் தல வரலாறு எழுதும் மரபு நம்மிடம் நெடுங்காலமாக உண்டு. ஊர் வரலாறு எழுதுவோரும் அண்மைக் காலத்தில் பெருகியுள்ளனர். ஆனால் ஊரையும் ஊரையும் இணைத்து, சந்தைக்கும் துறைமுகத்துக்கும் ஆளையும் பண்டத்தையும் கொண்டு சேர்த்த சாலைக்கு வரலாறு எழுத முனைந்தோர் மிகச் சிலரே. சாலை என்றதும் அது அரசாங்கத்தின் பொறியாளர்களுக்குரிய பொருள் என ஒதுக்கிவிடுகிறோம். புதுக்கோட்டை வழியாகச் செல்லும் ஒரு மாநில நெடுஞ்சாலையை எடுத்துக்கொண்டு, அதன் வரலாற்றை எங்கே தேடுவது, எதை நம்புவது, எதை நம்பாதிருப்பது என்பதை இங்கு ஆராய்வோம்.

அது மாநில நெடுஞ்சாலை 71. காவிரியின் வடகரையிலுள்ள முசிறியில் தொடங்கி, ஆற்றைக் கடந்து குளித்தலைக்கு வந்து, மணப்பாறை, விராலிமலை, இலுப்பூர், அன்னவாசல் வழியாகப் புதுக்கோட்டையை அடைகிறது. அங்கிருந்து ஆலங்குடி, பேராவூரணி ஊடாகச் சேதுபாவாசத்திரத்தில் கடற்கரையைத் தொடுகிறது. நீர்வளம் மிக்க காவிரிக் கரையையும் பாக் நீரிணையையும், இடையில் வானம் பார்த்த கண்மாய் நிலங்களையும் இச்சாலை ஒரே கோட்டில் கோத்துவிடுகிறது. வரைபடத்தில் பார்ப்பவருக்கு அது யாரோ ஒரு மன்னர் தொலைநோக்குடன் அமைத்த நெடும்பாதை போலத் தோன்றும். அத்தோற்றமே ஆய்வாளர் முதலில் கடக்க வேண்டிய தடை.

ஏனெனில், 1948ஆம் ஆண்டுக்கு முன் இது ஒரே அரசின் கீழிருந்த சாலையன்று. முசிறியும் குளித்தலையும் மணப்பாறையும் ஆங்கிலேயர் ஆண்ட திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்தவை. விராலிமலை தொடங்கி ஆலங்குடிப் பகுதி வரை தொண்டைமான் மன்னர்களின் புதுக்கோட்டைச் சமஸ்தானம். பேராவூரணியும் கடற்கரையும் தஞ்சாவூர் மாவட்டத்துப் பட்டுக்கோட்டைத் தாலுகாவுக்குரியவை. ஆக மூன்று நிர்வாகங்கள், மூன்று வகை ஆவணங்கள். முதலாவதும் மூன்றாவதுமான பகுதிகளின் சாலைச் செலவுகள் அந்தந்த மாவட்டப் போர்டுகளின் கணக்குகளில் கிடக்கும். நடுப்பகுதிக்குரிய செய்திகளைத் தர்பாரின் ஆண்டு நிர்வாக அறிக்கைகளில் தேட வேண்டும். 1938 முதல் 1944 வரை கே. ஆர். வேங்கடராம ஐயர் தொகுத்து வெளிவந்த புதுக்கோட்டைச் சமஸ்தான மானுவல் அதற்குச் சிறந்த திறவுகோல். திவான் அ. சேஷையா சாஸ்திரி 1878 முதல் 1894 வரை நிர்வாகத்தை நடத்திய காலத்தில் தலைநகரின் தெருக்களும் குளங்களும் சீரமைக்கப்பட்டன என்பது பலரும் அறிந்தது. அக்காலத்து அறிக்கைகளை நகரின் அழகுக்காக மட்டும் புரட்டாமல், நகரிலிருந்து வெளியே செல்லும் ஒவ்வொரு பாட்டைக்கும் எவ்வளவு செலவிடப்பட்டது என்று பார்க்கத் தொடங்கினால் வேறொரு சித்திரம் கிடைக்கும்.

‘மாநில நெடுஞ்சாலை’ என்ற வகைப்பாடே புதியது. 1943ஆம் ஆண்டு நாகபுரியில் கூடிய மாகாண, சமஸ்தானத் தலைமைப் பொறியாளர்களின் மாநாடு, இந்தியச் சாலைகளைத் தேசிய நெடுஞ்சாலை, மாகாண நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை, கிராமச் சாலை எனப் பகுத்தது. சென்னை மாகாணத்தில் நெடுஞ்சாலைத் துறை தனித் துறையாக அமைந்தது 1946இல். புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்துடன் இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியானது 1948 மார்ச் 3இல். ஆகவே இந்தச் சாலை ஒரே பெயரில், ஒரே துறையின் பொறுப்பில் வந்தது அதற்குப் பின்னரே. அதன் பின்னும் எல்லைகள் ஓய்ந்து கிடக்கவில்லை. 1974 ஜனவரி 14இல் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. குளித்தலை 1995இல் கரூர் மாவட்டத்துக்குப் போயிற்று. ‘குளித்தலைச் சாலை’ என்று ஒரு பழைய கோப்பில் காண்பதை எந்த மாவட்டத்து அலுவலகத்தில் தொடர்ந்து தேடுவது என்பதை இந்த ஆண்டுகளே தீர்மானிக்கின்றன.

எண்களை நம்புவதிலும் எச்சரிக்கை வேண்டும். தஞ்சாவூரிலிருந்து கந்தர்வகோட்டை, புதுக்கோட்டை வழியாக மானாமதுரைக்குச் செல்லும் சாலை தேசிய நெடுஞ்சாலை 226 என்றிருந்தது, இப்போது 36. விராலிமலையில் நம் சாலையைச் சந்திக்கும் திருச்சி–மதுரைப் பெருஞ்சாலை 45பி என்றிருந்து 38 ஆயிற்று. 2010ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் அனைத்தும் மறு எண்ணிடப்பட்டதன் விளைவு இது. எண்ணைத் தலைப்பாக வைத்துக் குறிப்பெடுப்பவர் பத்தாண்டுகளில் தம் குறிப்பையே இனங்காண இயலாமல் போவார். ஊர்ப் பெயர் இணைகளை, அதாவது ‘அன்னவாசல்–புதுக்கோட்டை’, ‘ஆலங்குடி–பேராவூரணி’ என்பவற்றைத் தலைப்பாக வைத்துத் தொகுப்பதே பயன் தரும். ஒவ்வொரு துண்டுக்கும் தனி வயது உண்டு என்பதையும் அம்முறை நினைவூட்டிக்கொண்டிருக்கும்.

இருப்புப்பாதை வரைபடத்தை இச்சாலையின் மேல் வைத்துப் பார்த்தால் ஒரு செய்தி தெளிவாகும். குளித்தலையில் திருச்சி–ஈரோடு இருப்புப்பாதை; மணப்பாறையில் 1875இல் திறந்த திருச்சி–மதுரைப் பாதை; புதுக்கோட்டையில் 1929இல் வந்த பாதை; பேராவூரணியில் 1903இல் அறந்தாங்கி வரை நீண்ட மாயவரத்துப் பாதை. நான்கும் இச்சாலையைக் குறுக்கே வெட்டுகின்றன. ஒன்றேனும் இதனுடன் சேர்ந்து ஓடவில்லை. ஆகையால் காவிரிக் கரையிலிருந்து கடல்வரை குறுக்காகச் செல்ல வேண்டிய பண்டம் மாட்டுவண்டியையும், பின்னர் லாரியையுமே நம்பியிருந்தது. இச்சாலையின் சந்தையூர்கள் பலவும் இரயிலடி ஊர்களாகவும் இருப்பது தற்செயலன்று.

உப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் உவர் மண்ணிலிருந்து உப்புக் காய்ச்சும் தொழில் இருந்தது. ஆங்கில அரசு 1880களின் இறுதியில் அதை நிறுத்தச் செய்து, ஈடாக ஆண்டுதோறும் 38,000 ரூபாய் சமஸ்தானத்துக்கு வழங்கி வந்தது. உள்ளூர் உப்பு நின்றால் கடல் உப்புத்தான் வந்தாக வேண்டும். கடலிலிருந்து சமஸ்தானத்துக்குள் வரும் பாட்டைகளில் நம் சாலையின் கீழ்ப் பகுதியும் ஒன்று. சாலை வரலாற்றைத் தேடுபவர் பொதுப்பணித் துறைக் கோப்புகளோடு நிறுத்திக்கொள்ளாமல் உப்புத் துறைக் கோப்புகளையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும் என்பது இதனாலேயே.

இனிப் பழங்காலத்துக்கு வருவோம். விராலிமலைக்கு அருகிலுள்ள கொடும்பாளூர், சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் மதுரைக்குச் செல்லும் வழி மூன்றாகக் கிளைக்கும் இடமாகக் கூறப்படுகிறது. சிவபெருமானின் சூலம் போல் வழி பிரிவதாக மாங்காட்டு மறையோன் கோவலனுக்கு உரைக்கிறான். அன்னவாசலை அடுத்த சித்தன்னவாசலில் சமண முனிவர் தங்கிய குகைத்தளமும் தமிழ்ப் பிராமி எழுத்தும் உள்ளன. திருமயம் வட்டத்து முனசந்தையில் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவைக் குறிக்கும் முற்காலச் சோழர் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. ஆக, இப்பகுதியில் துறவியரும் வணிகரும் நடந்த வழிகள் இருந்தன என்பதில் ஐயமில்லை. அவ்வழிகள் இன்றைய 71ஆம் எண் சாலையின் தடத்திலேயே சென்றன என்று சொல்வதற்குத்தான் சான்று வேண்டும். தருமபுரியில் ‘அதியமான் பெருவழி’ என்று பெயரும் காதத் தொலைவும் பொறித்த கல் கிடைத்தது. கோவையருகே சுண்டக்காமுத்தூரில் இராசகேசரிப் பெருவழியைக் குறிக்கும் கல்வெட்டு இருக்கிறது. அத்தகைய கல் கையில் இருக்கும்போது மட்டுமே தடத்தைப் பற்றி உறுதியாகப் பேசலாம்.

இப்னு பதூதாவைப் பற்றியும் இதையே சொல்ல வேண்டும். 14ஆம் நூற்றாண்டில் மஅபர் நாட்டுக்கு வந்த அப்பயணி, மதுரைச் சுல்தானின் படையுடன் சென்றபோது, மரமும் நாணலும் அடர்ந்து ஒருவரும் நுழைய இயலாத காட்டை வெட்டி வழி உண்டாக்கிக்கொண்டே சென்றதை விவரிக்கிறார். படையில் பெரியவர் சிறியவர் அனைவரும் கோடரி வைத்திருக்க வேண்டும் என்பது ஆணை. அவர் தங்கிய ‘பத்தன்’ என்னும் துறைமுகம் எது என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. அப்படியிருக்க, தம் ஊர்ச் சாலையிலேயே அவர் நடந்து சென்றார் என்று விழா மலர்களில் எழுதப்படுவதைக் காண்கையில் வியப்பே மேலிடுகிறது. அவர் கூற்றிலிருந்து நாம் பெறத்தக்க செய்தி வேறு: இன்று பேருந்து செல்லும் இடங்களில் அன்று பாதையே இல்லாத காடும் இருந்தது.

ஊர்ப் பெயர்களும் வழிகாட்டும். அவையே வழிதவறவும் செய்யும். நம் வாசகர்களில் பலர் ‘சேதுபாவாசத்திரம்’ என்பதிலுள்ள ‘பாவா’வைக் கேட்டதும் ஓர் இறைநேசரை நினைத்துக்கொள்கின்றனர். திருமயத்திலிருந்து திருப்பத்தூர் செல்லும் சாலையிலுள்ள காட்டுபாவா பள்ளிவாசலில் அடங்கியிருப்பவர், நாகூர் ஆண்டகையின் வழிவந்தவராகச் சொல்லப்படும் பாவா பக்ருத்தீன். அவ்விடத்துக்கு முஸ்லிம்களும் இந்துக்களும் ஒருங்கே வருகின்றனர். அந்த ‘பாவா’ நம்முடையது. சேதுபாவாசத்திரத்தின் கதை வேறு. தஞ்சை மராத்தியர் இராமேசுவர யாத்திரிகருக்காகக் கடற்கரைப் பாதையில் சத்திரங்கள் அமைத்தனர். சமர்த்த இராமதாசர் மரபில் வந்த சேதுபாவா சுவாமியின் மடம் தஞ்சையில் உள்ளது. ஊர்ப்பெயரை அந்த மரபோடு இணைத்துப் பார்ப்பதே பொருந்தும். ஒரே சொல் இரு சமயத்தார் வாயிலும் பெரியோரைக் குறிக்க வழங்கியது என்பது சுவையான செய்திதான். ஆனால் அதைக்கொண்டு பாதையின் வரலாற்றை மாற்றி எழுதிவிடலாகாது.

நம் சமுதாயத்தாரின் கையிலேயே இருந்தும் சாலை ஆய்வுக்குப் பயன்படாமல் கிடக்கும் ஆவணம் ஒன்றுண்டு. அது பழைய நிலப் பத்திரத்தின் நான்கெல்லைப் பகுதி. இலுப்பூரிலும் அன்னவாசலிலும் முஸ்லிம்கள் கணிசமாக வாழ்கின்றனர். அவ்வூர்களைப் போன்ற இடங்களின் பள்ளிவாசல் இனாம் பட்டாக்களிலும் வக்ஃபுப் பத்திரங்களிலும் ‘பாட்டைக்கு மேற்கு’, ‘வண்டிப் பாதைக்கு வடக்கு’ என்பன போன்ற தொடர்கள் வரக்கூடும். அவற்றில் குறித்த ஆண்டில் குறித்த இடத்தில் பாதை இருந்தது என்பதற்கு அதைவிட நேரடியான சான்று அரிது. 1954ஆம் ஆண்டு வக்ஃபுச் சட்டம் சொத்துகளை அளந்து பதிய வகை செய்தது. 2025இல் வக்ஃபு விவரங்களை மத்திய அரசின் இணையத் தளத்தில் ஏற்ற வேண்டியிருந்ததால், பல ஆண்டுகளாகப் பெட்டியில் கிடந்த தாள்கள் பல ஊர்களில் வெளியே எடுக்கப்பட்டன. அவற்றின் படிகள் இப்போது முத்தவல்லிகளிடம் இருக்கும். சொத்தைக் காக்கும் நோக்கில் எடுத்த அப்படிகளை ஒருமுறை எல்லைகளுக்காகவும் வாசித்தல் நலம்.

பத்திரத்தில் கண்டதை நிலத்தில் சரிபார்க்க வேண்டும். இந்திய நில அளவைத் துறையின் வரைபடத் தாள்களில் புதுக்கோட்டைப் பகுதி 58 ஜே என்ற தாள் தொகுதியிலும், பேராவூரணிப் பகுதி 58 என் தொகுதியிலும் அடங்கும். பழைய பதிப்பையும் புதியதையும் அருகருகே விரித்தால், சாலை எங்கே நேராக்கப்பட்டது, எந்த ஊரைச் சுற்றிச் செல்லத் தொடங்கியது என்பது புலப்படும். கைவிடப்பட்ட வளைவுகளில்தான் பழைய பொருள்கள் எஞ்சியிருக்கும். கண்மாய்க் கரையின் மேல் செல்லும் சாலை, கலிங்கின் அருகே தாழ்ந்து இறங்கும் தாம்போதி, நிறைசூலியாய் இறந்த பெண்ணின் நினைவாக நட்ட சுமைதாங்கிக் கல், தண்ணீர்ப் பந்தல் இருந்த மேடை ஆகியவை ஆளும் வண்டியும் நடந்த வேகத்தில் அமைந்த பாதையின் அடையாளங்கள். தலைச்சுமையுடன் வருபவர் இளைப்பாறும் தொலைவில் சுமைதாங்கி நிற்கும். பேருந்துப் பயணிக்கு அது வெறும் இரண்டு கல்தூண்.

மைல்கற்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். தஞ்சாவூர்–புதுக்கோட்டைச் சாலையில் ஆதனக்கோட்டைப் பகுதியில் தமிழ் எண்களும் உரோம எண்களும் சேர்ந்து பொறித்த பழைய மைல்கற்களைப் புதுக்கோட்டைத் தொல்லியல் ஆர்வலர்கள் அண்மை ஆண்டுகளில் கண்டெடுத்து வெளியிட்டனர். நம் சாலையிலும் அத்தகைய தேடலைத் துண்டு துண்டாக நடத்தலாம். சாலையை அகலப்படுத்தும் ஒப்பந்தக்காரருக்கு அந்தக் கல் அடித்தளத்துக்குரிய சல்லி. எனவே கல் நின்ற இடத்தில் நிற்கும்போதே படமெடுத்து, இருப்பிடத்தை அட்சரேகை தீர்க்கரேகையுடன் குறித்துக்கொள்வது முதல் வேலை. அதைப் பெயர்த்து அருங்காட்சியகத்தில் சேர்ப்பது அதன் பிறகுதான், ஏனெனில் இடம் தெரியாத மைல்கல் தொலைவைக் குறிக்க வல்லதன்று.

சாலையோர மரங்களும் ஆவணமே. புளிய மரங்களின் மகசூலை ஆண்டுதோறும் ஏலம் விடுவது பழைய வழக்கம். அந்த ஏலப் பதிவேடுகளில் மரங்களின் எண்ணிக்கையும் அவை நின்ற மைல் குறிப்பும் இருக்கும். 2018 நவம்பர் 16இல் கரையேறிய கஜா புயல் ஆலங்குடி, பேராவூரணி, சேதுபாவாசத்திரம் வட்டாரங்களில் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது சாலையோர மரங்களும் பெருமளவில் விழுந்தன. நிழல் தந்த அந்த வரிசை எந்த ஊரில் தொடங்கி எங்கே முடிந்தது என்பதை இன்று அறிய மூன்றே வழிகள் உள: ஏலப் பதிவேடு, புயலுக்கு முந்திய படங்கள், அவ்வழியே மாடு ஓட்டிய முதியோரின் நினைவு. மூன்றாவதைக் கேட்டுப் பதிவுசெய்ய எஞ்சியிருக்கும் காலம் குறைவு. சமஸ்தானத்தின் கடைசி ஆண்டுகளில் சிறுவராயிருந்து, சமஸ்தான எல்லையைத் தாண்டிச் சந்தைக்குப் போனவர்கள் இப்போது தொண்ணூறை நெருங்குகின்றனர் அல்லது கடந்துவிட்டனர்.