ஊசிப் பேனாவின் விலை

கச்சான் நமக்குச் சாதாரண தின்பண்டம். பஸ் நிலையத்தில் கடதாசிச் சுருளில் விற்கிறோம். ஆனால் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அதில் ஒரு துணுக்கே போதும். தொண்டை வீங்கும், மூச்சு அடைக்கும். உடனே தொடையில் அட்ரினலின் ஏற்ற வேண்டும். தாமதித்தால் உயிர் போகலாம்.

வைத்தியர் வரும்வரை காத்திராமல் ஆசிரியரே ஏற்றக்கூடிய ஊசிப் பேனாதான் எபிபென். உள்ளே இருக்கும் மருந்து நூறு வருடங்களுக்கு முந்தியது, மிக மலிவானது. 2007இல் மைலன் என்ற கம்பனி இதைத் தன்வசமாக்கியபோது, அமெரிக்காவில் இரண்டு ஊசிகள் கொண்ட பெட்டி ஏறக்குறைய 100 டொலர். 2016இல் 600 டொலர்!

இதில் பாடசாலைகளின் பங்கை நம்மவர்கள் கவனிக்க வேண்டும். 2012இல் மைலன் பாடசாலைகளுக்கு ஊசிகளை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. பாடசாலைகளில் இம்மருந்தைக் கையிருப்பில் வைக்கச் செய்யும் மாநிலங்களுக்கு மானியத்தில் முன்னுரிமை தரும் சட்டத்தில் 2013 நவம்பரில் ஜனாதிபதி ஒபாமா கையெழுத்திட்டார். நல்ல சட்டம்தான். சாம்பிள் கொடுத்து வாடிக்கை பிடிப்பது நாமும் செய்கிற வேலை, அதையும் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கழிவு விலையில் மேலதிகமாக வாங்கும் பாடசாலை, 12 மாதங்களுக்கு வேறு கம்பனியின் ஊசியை வாங்கமாட்டோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. கடைக்காரரின் கையைக் கட்டும் ஏஜென்டுகளை நமக்கும் தெரியும்.

பெற்றோரின் கணக்கைப் பாருங்கள். வீட்டுக்கு ஒரு பெட்டி, பாடசாலைக்கு ஒரு பெட்டி. ஒன்றரை வருடத்துக்குள் காலாவதியாகிவிடும். பாவிக்காமலே எறிந்துவிட்டுப் புதிதாக வாங்க வேண்டும். விலை கூடினால் பெருநாள் உடுப்பைக் குறைக்கலாம், இதைக் குறைக்க முடியுமா? வேண்டாம் என்று சொல்ல முடியாத வாடிக்கையாளரிடம் ஆறு மடங்கு கேட்பதை நான் வியாபாரக் கெட்டித்தனம் என்று ஒப்புக்கொள்ளமாட்டேன்.

2016 செப்டெம்பரில் கம்பனித் தலைவி ஹெதர் பிரெஷ் காங்கிரஸ் குழுவின் முன் பதில் சொல்ல வேண்டி வந்தது. அந்த டிசம்பரிலேயே அதே ஊசி வேறு லேபலில் 300 டொலருக்குக் கடைக்கு வந்தது. பாதி விலைக்கும் கட்டுபடியாகும் என்பதைக் கம்பனியே காட்டிக் கொடுத்துவிட்டது. அரச மருத்துவ உதவித் திட்டத்துக்குக் கொடுக்க வேண்டிய கழிவைக் குறைத்துக் கொடுத்ததாக எழுந்த வழக்கில், 2017இல் 465 மில்லியன் டொலர் கட்டி இணக்கத்துக்கு வந்தது.

2018இல் டேவா கம்பனியின் ஊசிக்கு அனுமதி கிடைத்தது. 2024 ஆகஸ்டில் ஊசியே இல்லாமல் மூக்கில் அடிக்கும் அட்ரினலின் ஸ்ப்ரேக்கும் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ஊசியைக் கண்டு ஓடும் பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி.